ஈறுக்கு ஒரு கேஜ்

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். முறுக்குத் தட்டு நீண்டால் கை போவதற்கு முன் நாக்கு கடைவாய்க்குப் போய் ஒருமுறை விசாரித்துவிட்டு வருகிறது. நம்மில் சிலருக்குப் பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. பல்லைப் பற்றிப் பேச நமக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? பல் போகிற காலத்தை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் பல் வருகிற காலத்தைச் சொல்கிறேன். என் தம்பியின் வாயில் கீழே இரண்டு அரிசிப்பல்லும், மேலே வரலாமா வேண்டாமா என்று வெள்ளைக் கோடாக இரண்டும் இருந்த ஒரு மார்கழி.

ஓசூர் மார்கழி உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் புகை, மூடினால் தந்தியடிக்கும் தாடை. ஊருக்கு வெளியே, கம்பெனிகளின் மதில் முடிகிற இடத்தில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக எங்கள் லைன் வீடுகள். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ், குழாயடியில் மூன்றும். அந்தக் குளிரில் அவரைக்காய் வந்துவிடும். வாசலெல்லாம் அவரைத் தோல், அவரை வாசம், விரல் நகங்களில் பச்சை.

அப்பா டெம்போ ஓட்டினார். விடிவதற்குள் ராயக்கோட்டை மண்டிக்குப் போய்த் தக்காளி ஏற்றி வருவார். அவர் சட்டையைத் துவைத்தாலும் தக்காளிக் காம்பின் அந்தக் கசப்பு வாசம் போகாது. அம்மா அப்போதுதான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெயினிங்கில் சேர்ந்திருந்தாள். பொங்கல் கழிந்ததும் யாரை நிரந்தரமாக்குவது, யாரை அனுப்புவது என்று சொல்வார்கள். அம்மா அந்த நீலக் கோட்டை மாட்டும்போது முதுகு தானாக நிமிரும். பத்து வயதில் நான் அதைத்தான் வேலை என்று நினைத்திருந்தேன்: முதுகு நிமிர்வதை.

தம்பியைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கிராமத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். சொந்தப் பிள்ளைகள் இல்லை. கைக்கு ஓய்வும் இல்லை.

எல்லாம் ஒரு களி உருண்டையில் ஆரம்பித்தது.

நம் பக்கத்தில் களியை மெல்வதில்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். கேழ்வரகுக் களியைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்து அப்படியே உள்ளே அனுப்ப வேண்டும். பல் பட்டால் ஒட்டும். மென்று தின்கிற பிள்ளையைப் பார்த்து, "இதென்னடா மாடாட்டம் அசை போடுது" என்பார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்து அத்தை ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"பல்லு எதுக்குங்கறன்? ஊரே பல்லு படாமத்தான முழுங்குது? பல்லு மொளைக்காத வாய்க்குன்னே ஆண்டவன் படைச்சது களிதான்."

எனக்கு அரைப்பரீட்சை விடுமுறை. அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள். பக்கத்தில்தான் இருந்தேன். அத்தை நெல்லிக்காய் அளவில் ஒன்றை உருட்டினாள், கீரைக் குழம்பில் புரட்டினாள், மடியில் சாய்ந்து கிடந்த தம்பியின் வாயில் வைத்தாள். அவன் அழவில்லை. இருமவில்லை. வாய் திறந்திருந்தது, கண் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிக்கொண்டிருந்தது. அத்தையின் அலறலுக்குப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா ஓடி வந்தாள். "ஏனாயித்து? ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று கேட்டபடியே அவனைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையின் அடியால் முதுகில் தட்டினாள். தட்டினாள். களி வெளியே வந்து விழுந்தது, துளியும் உடையாமல், உருட்டிய மாதிரியே.

அதற்குப் பிறகு வந்த அழுகைதான் என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சங்கீதம்.

உதட்டில் நீலம் மாறுவதற்கு முன்பே அப்பா தோளில் தக்காளிப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றிருந்தார். பெட்டி விழுந்தது. தக்காளி லைன் முழுக்க உருண்டது. யாரும் பொறுக்கவில்லை.

மாலையில் அப்பா தன் பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு சதுரத் துணியை அத்தையிடம் கொடுத்தார்.

"அக்கா, இனிமே இதுல வடியறதுதான் அவனுக்குச் சாப்பாடு. பல்லு வரிசையா நிக்கட்டும், அப்பறம் பாக்கலாம். வேற எதுவும் உன் கையால ஊட்டாத."

அத்தை துணியை வாங்கிக்கொண்டாள். உன் கையால என்பது எங்கே போய்த் தைத்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பாவும் நீலமாகிப்போன ஓர் உதட்டைப் பார்த்த மனிதர் என்பதும் தெரியாது. ஒருவர் தன் பயத்தை இன்னொருவர் தலையில் சட்டமாகக் கட்டினார். இவ்வளவுதான் நடந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

துணி ஆட்சி தொடங்கியது. கேழ்வரகுப் பால், பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், கேரட் வெந்த தண்ணீர். எல்லாம் துணிக்குள் வேறு வேறாக நுழைந்து, எல்லாம் ஒரே மாதிரி வெளியே வந்தன. கொஞ்ச நாள் தம்பி குடித்தான். பிறகு உதட்டைப் பூட்டிக்கொண்டான். பாலாடைக் கிண்ணம் கிட்டே வந்தால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் தவழ்ந்து வந்து எங்கள் தட்டில் அறைவான். அறைந்த கையைக் கழுவி, அவனைத் தூக்கித் தொட்டிலில் போடுவார்கள். கன்னம் வற்றியது. இடுப்புக் கயிறு நழுவியது.

"மகு சண்ண ஆயித்தே," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, அவன் கையை அளப்பதுபோல் பிடித்து. பிள்ளை இளைத்துப் போனான் என்று அவள் சொன்னது மூன்று பாஷை வீடுகளுக்கும் கேட்டது.

அன்று அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நீ வீட்ல இருந்தா குடிப்பான். தாய் இல்லாத ஏக்கம்தான் அவனுக்கு. பொங்கல் வரைக்கும் பாக்கறன். அதுக்குள்ள ஒடம்பு தேறலன்னா வேலைய உட்டுடு."

"தேறிட்டா?"

"மொதல்ல தேறட்டும்."

அம்மா கோட்டை மடித்து வைத்தாள். மடிப்பு வழக்கத்தைவிடக் கூராக இருந்தது.

அந்த மாதம் அம்மாவுக்கு இரண்டாம் ஷிப்ட். காலையெல்லாம் வீட்டில் இருப்பாள், மதியத்துக்கு மேல் கம்பெனி பஸ். ஒரு காலை, வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் வாசலில் எல்லோரும் அவரை பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல: ஊறவைத்த அவரைக்கொட்டையை இரு விரலுக்கு நடுவே அமுக்கினால், பருப்பு வழுக்கி வெளியே குதிக்கும், தோல் விரலில் நிற்கும். நான் ஒரு கையால் பிதுக்கிக்கொண்டே, மடியில் சிணுங்கிய தம்பியின் வாயில் மறு கையின் விரலை விட்டு விளையாடினேன். பல் இருக்கிற முன்பக்கத்தை விட்டு, ஒன்றுமே இல்லாத பக்கவாட்டில். அவன் கவ்வினான் பாருங்கள். உயிர் போய் வந்தது.

"ஐயோ கடிக்கறான்!"

"எதை வெச்சிக் கடிப்பான்?" என்றாள் அத்தை. "ரெண்டு பல்லு. அதுவும் முன்னால கொடி புடிச்சிக்கினு நிக்குது."

"பல்லால இல்லத்த. வெறும் வாயால!"

அம்மா பிதுக்குவதை நிறுத்தினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் விரலை அவன் ஈறில் வைத்தாள். அவன் கவ்வினான். அம்மாவின் முகம் சுருங்கியது, பிறகு மெதுவாக விரிந்தது. எடுக்க மனமில்லாதவள்போல் விரலை அங்கேயே வைத்திருந்தாள். மறு கையால் முறத்திலிருந்து பிதுக்கிய பருப்பு ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள்.

"பாப்பா, கம்பெனில எனக்கு என்னா வேலைன்னு தெரியுமா?"

அதற்கு முன் அவள் எனக்குச் சொன்னதில்லை. இன்ஸ்பெக்‌ஷன். தட்டுத் தட்டாகச் சின்ன இரும்புப் பாகங்கள் வரும், நடுவில் ஓட்டை. அம்மா கையில் கேஜ் என்று ஒன்று. பென்சில் நீளம், இரண்டு முனை. ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும். மறு முனை போகவே கூடாது. முதலாவது கோ. இரண்டாவது நோ-கோ. அளக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம், பயப்பட வேண்டாம். கேஜ் சொல்லிவிடும்.

"வீட்ல என்னடான்னா எல்லாமே நோ-கோவா வெச்சிருக்கம்," என்றாள். "வாய்க்கும் ஒரு கேஜ் இருந்தா?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். "ரெண்டுக்கும் நடுவுல வெச்சி அமுக்கு. நசுங்கினா, அவன் ஈறும் நசுக்கும். கோ. நசுங்கலையா, நோ-கோ."

அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "களி கூடத்தான் நசுங்குது."

அத்தை குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த நாளிலிருந்து அவள் மனசில் உருண்டுகொண்டிருந்த கேள்வி அது. அம்மா உள்ளே போய்க் காலைக் களியில் ஒரு கிள்ளு எடுத்து வந்து அமுக்கினாள். நசுங்கியது. விட்டாள், மறுபடி ஒட்டிக்கொண்டு ஒரே திரளாக நின்றது. பருப்பை வேகவைத்து அமுக்கினாள். நசுங்கியது, பொலபொலவென்று பிரிந்தது.

"நசுங்கினா மட்டும் பத்தாது. பிரியணும்," என்றாள் அம்மா. "அண்ணி, இது எனக்குத் தோணவே இல்ல."

அத்தை இன்னொரு பிடி அவரையை எடுத்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் விரல்கள் வேகமாக இருந்தன.

மறுநாளே ஆரம்பித்துவிட்டோம், அப்பா வண்டியெடுத்துப் போன பிறகு. அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நின்னு போவும். கண்ணால பாத்தாருன்னா நிக்காது. பாக்கற மாதிரி ஆவட்டும்," என்றாள் அம்மா. ஒரு தட்டை அவன் முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும் நாளில் அப்பாவை எதிரே உட்கார வைப்பது என்று திட்டம். பொங்கல் ஓடி வந்துகொண்டிருந்தது.

முதலில் ஆசனம். மடியில் சாய்த்து ஊட்டியதுதான் அன்றைக்குப் பாதித் தப்பு என்று அம்மாவுக்குப் பட்டது. தக்காளிப் பெட்டி, நம் காலத்து மரப்பெட்டி, பட்டை பட்டையாக ஆணி அடித்தது, இப்போது எங்கே தேடினாலும் பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது, அதில் ஒன்றைக் கழுவி, ஆணிகளை அடித்து மடக்கி, கிழிந்த போர்வையை உள்ளே திணித்து, தம்பியை நட்டமாக உட்கார வைத்தோம். நாற்புறமும் பட்டை. முதுகு நேர். மண்டி முதலாளிபோல் இருந்தான்.

பரங்கிக்காய். விரல் நீளத் துண்டு, ஆவியில் வெந்தது. அமுக்கு: கோ. அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் காதில் வைத்துப் பார்த்தான், தலையில் தேய்த்தான், கடைசியில் முஷ்டியில் பிழிந்து, விரலிடுக்கில் வந்ததை நக்கினான்.

அத்தை அடுக்களைக் கதவு நிலையில், கையில் அந்த வடிகட்டும் துணியோடு நின்றாள். "மூஞ்சி நல்லா சாப்புடுது. வாயிதான் பட்டினி."

"வாய்க்கு வழி கண்டுபுடிக்கிறான் அண்ணி."

"உப்பாவது போட்டியா?"

"அவன் பங்க எடுத்த பொறவுதான் நம்ம கொழம்புக்கு உப்பு."

"பாவம் பண்ணின ஜென்மம்," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள் அத்தை. அவன் பரங்கிக்காய்ப் பல்லோடு சிரித்தான்.

பிறகு வீடே ஒரு இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட். நான்தான் ஹெல்பர். இட்லியை நீளநீளமாகக் கீறினோம்: கோ. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நார் உருவியது: கோ. தோலுரித்த தக்காளியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைத்த சாதம்: கோ, அவனுக்கு அது ஒரு திருவிழா. நன்றாக வெந்த முட்டைத் தோசை, மிளகு படாதது: கோ. பிதுக்குப்பருப்பு முழுதாக இருந்தால் உருண்டை, வழுக்கும், நோ-கோ. ஒவ்வொன்றையும் விரலால் தட்டையாக்கிப் போட்டால் கோ. பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொண்டுவந்த திராட்சை, நீளவாக்கில் நான்காக வெட்டாமல் வாசல் தாண்டவில்லை. பச்சைக் கேரட் நோ-கோ. நான் பாவாடையில் மடித்து வைத்திருந்த வறுத்த வேர்க்கடலையில் ஒன்று பெட்டிக்குள் விழுந்தபோது அம்மா பாய்ந்து எடுத்து எறிந்த வேகம், யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. நோ-கோ, நோ-கோ, நூறு தரம் நோ-கோ என்று எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. அவன் சாப்பிடும்போது ஒருவர் எதிரிலேயே இருக்க வேண்டும், எழுந்து போகக் கூடாது, சிரிப்புக் காட்டக் கூடாது. அது கம்பெனி ரூல் என்றாள். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நாளுக்கு நாள் அவன் தாடை வேலை கற்றது. துண்டை நாக்கு பக்கவாட்டில் தள்ளும், ஈறு அரைக்கும், கன்னம் குழிந்து எழும். துணியில் வடித்ததையும் மறுபடி குடிக்க ஆரம்பித்தான், நடுநடுவே, தண்ணீர்போல், கோபமில்லாமல். இடுப்புக் கயிறு மீண்டும் இடுப்பில் நின்றது. அப்பா ஒருநாள் அவனைத் தூக்கிப் பார்த்து, "துணி வேல செய்யுது," என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற நாட்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை காலை ராயக்கோட்டை ரோட்டில், சானமாவுக் காட்டுப் பக்கம், யானைக் கூட்டம் ரோட்டை விட்டு நகராமல் நின்றிருக்கிறது. வண்டிகள் எல்லாம் காத்துக் காத்துத் திரும்பின. அப்பாவும் லோடு எடுக்காமல் திரும்பினார். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? டெம்போ சத்தம் கேட்காமல் இருக்கப் பக்கத்து வீட்டு ரேடியோ போதுமானதாக இருந்தது.

தம்பி பெட்டியில். தட்டில் பருப்பு சாதம், தட்டையாக்கிய பிதுக்குப்பருப்பு, பரங்கிக்காய். அம்மா நீலக் கோட்டில், எதிரில் சம்மணமிட்டு. பாதித் தட்டு முடிந்திருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. தம்பி அப்பாவைப் பார்த்து ஒரு துள்ளுத் துள்ளினான். வாயிலிருந்த பரங்கிக்காய் பின்னால் போனது.

முகம் சிவந்தது. கண்ணில் நீர். "க்ஹே... க்ஹே..." என்று நாக்கை முழுதாக வெளியே நீட்டினான்.

அப்பா செருப்போடு பாய்ந்தார். விரலை அவன் வாய்க்குள் விடப் போனார். அம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பாவின் கையை அம்மா பிடித்துத் தடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"உடு! உடுடி கைய!"

"விரல் உட்டா உள்ள தள்ளிடுவீங்க. சத்தம் வருதில்ல? கேளுங்க. சத்தம் வந்தா மூச்சு இருக்குது. அன்னிக்குச் சத்தமே இல்லையாம். இது வேற."

"சாவடிக்கப் பாக்கறியா அவன!"

"கேளுங்கன்றன்!"

அத்தை நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் உதடு அசைந்தது, யாரைக் கூப்பிட்டாளோ. எனக்கு ரேடியோ கேட்கவில்லை, தம்பியின் க்ஹே மட்டும் கேட்டது. இன்னொரு க்ஹே. பரங்கிக்காய் நாக்கின் மேல் முன்னால் வந்தது. அவன் அதை வெளியே துப்பவில்லை. ஒரு நொடி அதைப் பற்றி யோசித்தான். பக்கவாட்டில் தள்ளினான். மென்றான். விழுங்கினான். தட்டை அறைந்து அடுத்ததைக் கேட்டான்.

அம்மா அப்பாவின் கையை விட்டாள். மணிக்கட்டில் மஞ்சளாகப் பரங்கிக்காய்.

"எத்தினி நாளா நடக்குது இது?" என்றார் அப்பா. "இன்னிக்கே வேலய உட்டுடு. போவத் தேவையில்ல."

"ஒக்காருங்க," என்றாள் அம்மா. "அவன் தட்டு முடியட்டும். முடிஞ்ச பொறவும் இதையே சொல்லுங்க, கோட்டக் கழட்டிடறன்."

அப்பா உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தார், வாசற்படியில், பாதி வெளியே பாதி உள்ளே. தம்பி சாப்பிட்டான். அவசரமே இல்லை அவனுக்கு. ஒவ்வொரு பருப்பையும் இரண்டு விரலால் எடுக்க முயன்று, தவறவிட்டு, மறுபடி எடுத்தான். அவன் மெல்லும்போதெல்லாம் அப்பாவின் தாடையும் அசைந்தது. தனக்கே தெரியாமல் அவரும் மென்றுகொண்டிருந்தார். கடைசிப் பருக்கை கன்னத்தில் இருந்தது. அதையும் தடவி வாய்க்குள் போட்டுக்கொண்டான்.

முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

அம்மா எழுந்தாள். கோட்டைக் கழற்றவும் இல்லை, செருப்பைப் போடவும் இல்லை. அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். அப்பா தோள் துண்டால் தம்பியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், காதுக்குப் பின்னால், நெற்றியில், புருவத்தில், துடைத்த இடத்தையே மறுபடியும். அவர் தலை நிமிரவில்லை. இரண்டாவது ஹாரன் அடித்தது.

அப்போது அத்தைதான் பேசினாள். அடுக்களை நிலையிலிருந்து, யாரிடம் என்று தெரியாமல், நடுவீட்டிடம்.

"சாயங்காலம் பசின்னு அழுதா என்னா குடுக்கறது?"

அம்மா செருப்பில் காலை நுழைத்தாள். "நீங்களே பாத்துக் குடுங்க அண்ணி. என்னைய உட உங்களுக்குத்தான் தெரியும்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். பஸ்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்ட அம்மா மட்டும் பார்க்கவில்லை. அப்பா தம்பியைத் தூக்கப் போனார், பிறகு தூக்காமல், அவன் முதுகுக்குப் பின்னால் சரிந்திருந்த போர்வையை இழுத்து நேராக்கினார்.

"நட்டமா ஒக்கார வெச்சிக் குடு, அக்கா," என்றார்.

அத்தை கை கழுவப் போனாள்.